பொருநைக் கரையும் கங்கைக் கரையும்

உவமையால் உள்ளங்கள் இணைந்த வரலாறு: சொற்பொழிவு



பொதிய மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, சற்றேறக்குறைய 125 கிலோ மீட்டர் நடந்து, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலப்பது தாமிரபரணி என்னும் பொருநை நதி. மலையில் அது அருவி. வயலில் அது வாய்க்கால். திருக்கோயிலில் அது தீர்த்தம். அடுக்களையில் அது குடிநீர். நீர் ஒன்றே ஆயினும் ஏற்கும் கலத்திற்கு ஏற்ப அதன் வடிவும் பெயரும் வேறுபடுகின்றன.

உண்மைப் பொருளும் அத்தகையதே. ஒருவர் உணர்ந்ததை மற்றொருவர் உள்ளத்தில் வார்க்க வேண்டுமாயின், ஏற்பவர் கையிலுள்ள கலம் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரே ஊரில் ஒரே மொழி பேசி வாழ்வார்க்கு இது எளிது. மொழி வேறு, நாடு வேறு, வழிபாடு வேறு, உணவும் உடையும் வேறு என்னும் நிலையில் இது அரிய செயலாகின்றது. அவ்வரிய செயலுக்கு ஆன்றோர் கைக்கொண்ட கருவியே உவமையும் உருவகமும் ஆகும். அக்கருவியைப் பொருநைக் கரைப் பெரியோர் எவ்வாறு கையாண்டனர் என்பதும், இன்று அதனை அன்பர்கள் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதும் இச்சொற்பொழிவின் பொருள்.

உவமையின் நான்கு வகை

முகம் தாமரை போன்றது என்றால் அஃது உவமை. முகத்தாமரை என்று இரண்டையும் ஒன்றாக்கினால் அஃது உருவகம். தொல்காப்பியர் உவமைக்கென ஓர் இயலே வகுத்தார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே உவமை பிறக்கும் என்பது அவர் கொள்கை. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை பற்றியது. மழை போல வழங்கும் கை என்பது பயன் பற்றியது. உடுக்கை போன்ற இடை என்பது மெய், அதாவது வடிவு பற்றியது. பொன் போன்ற மேனி என்பது உரு, அதாவது நிறம் பற்றியது.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும்போது எல்லாம் ஒத்திருக்க வேண்டுவதில்லை. வள்ளலின் கையை மழைக்கு ஒப்பிட்டால், அவன் கை நனைந்திருக்கும் என்று எவரும் கொள்ளார். கைம்மாறு கருதாமல் வழங்கும் பயன் ஒன்றே அங்கு ஒப்பு. எந்த நிலைக்களத்தில் ஒப்பு நிகழ்கின்றது என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் ஒருசேர அறிந்தால் உவமை ஒளி தரும். அறியாவிடின் அதுவே மயக்கம் தரும். பண்பாடுகள் சந்திக்கும் இடங்களில் எழும் பிணக்குகள் பல இந்த மயக்கத்தில் தோன்றியவையே.

நெல்லுக்கு வேலி

திருநெல்வேலி என்னும் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். வேதசர்மா என்னும் அடியார், இறைவனின் திருவமுதுக்கென இரந்து பெற்ற நெல்லை உலர வைத்துவிட்டு நீராடச் சென்றார். பெருமழை பொழிந்தது. நிவேதனத்திற்கு நெல் இல்லாமற் போகுமே என்று பதறி ஓடி வந்தார். சுற்றிலும் வெள்ளம் பெருக, நெல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு துளியும் விழாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்திருந்தான். அதனால் ஊர் நெல்வேலி ஆயிற்று, பெருமானும் நெல்லையப்பர் ஆனார் என்பது தலவரலாறு.

அறுவடைக் காலத்தில் களத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தை நோக்கி நின்ற உழவருக்கு இவ்வரலாற்றை விளக்க வேண்டுவதில்லை. அந்தப் பதற்றம் அவர்களுடைய பதற்றம். ஆனால் நெல்லையே விளைவிக்காத நாட்டிலிருந்து வந்து, காந்திமதியம்மையையும் நெல்லையப்பரையும் வணங்கி நிற்கும் ஓர் அடியாருக்கு இதனை எவ்வாறு உணர்த்துவது? பஞ்சாபிலிருந்து வந்தவராயின், அறுத்த கோதுமை களத்தில் கிடக்கும்போது திடுமெனக் கருமேகம் திரண்ட நாளை நினைவூட்டினால் போதும். கடற்கரை ஊரினராயின், காயவைத்த மீனும் உப்பும் மழையில் கரையும் துயரைக் கூறினால் போதும். தானியம் மாறும், தொழில் மாறும். உழைப்பின் பயன் கண்முன் அழியுமோ என்னும் அச்சமும், அதைக் காத்தருளும் கருணையும் மாறா. கேட்பவரின் களத்தில் கதையை விரித்தால் கதையின் பொருள் தானே விளங்கும்.

புளியமரத்தடியில் ஒரு வினா

திருக்கோளூரில் தோன்றிய மதுரகவியாழ்வார் வடநாட்டில் அயோத்தியில் தங்கியிருந்தபோது, தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டார். அதைப் பின்பற்றிப் பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூரை அடைந்தார். அங்கே புளியமரத்தடியில், பிறந்தது முதல் 16 ஆண்டுகள் பேசாமல் யோகத்தில் அமர்ந்திருந்தார் நம்மாழ்வார். வயதில் முதிர்ந்தவரும் வடமொழி வல்லவரும் ஆகிய மதுரகவியார், அந்த இளைய யோகியின் முன் நின்றார்.

அவர் நெடிய தத்துவ விளக்கம் எதையும் கேட்கவில்லை. உயிரற்றதன் வயிற்றில் சிறிய ஒன்று பிறக்குமாயின், அஃது எதனை உண்டு எங்கே கிடக்கும் என்னும் பொருள்பட ஒரு புதிரை வினவினார். அதனையே உண்டு அங்கேயே கிடக்கும் என்னும் பொருள்பட விடை வந்தது. உயிரற்றது என்றது அறிவில்லாத உடல். சிறியது என்றது அணுவளவினதாகிய உயிர். உடலில் புகுந்த உயிர் அவ்வுடலின் இன்பதுன்பங்களையே நுகர்ந்து அதனுள்ளேயே உழலும் என்பது உட்பொருள் என்று குருபரம்பரை உரைக்கும் பெரியோர் விளக்குவர். அந்த ஒரு விடையைக் கேட்டவுடன் மதுரகவியார் அவரைக் குருவாக ஏற்றார்.

இந்நிகழ்ச்சியில் அன்பர்கள் உற்று நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர், ஓர் உருவகத்தின் வாயிலாகவே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். வினவியவர் தம் உள்ளத்தை மூடிய சொல்லில் வைத்தார். விடை கூறியவர் அந்த உருவகத்தை உடைக்காமல், அதன் உள்ளே புகுந்து அதன் மொழியிலேயே மறுமொழி தந்தார். பிறர் கூறும் உருவகத்தின் உள்ளே சென்று பேசுதல் பெரும் பண்பு. தம் உவமையைப் பிறர் மீது ஏற்றுவதற்கு முன், பிறர் உவமையைப் பொறுமையுடன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்குத் திருக்குருகூர்ப் புளியமரமே சான்று.

பேசாத பிள்ளை பெற்ற மொழி

திருக்குருகூராகிய ஆழ்வார்திருநகரிக்குச் சில கல் தொலைவில், அதே ஆற்றின் கரையில் உள்ளது ஸ்ரீவைகுண்டம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரியம்மையாருக்கும் மகவாகத் தோன்றியவர் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயது வரை அப்பிள்ளை பேசவில்லை. மனம் நொந்த பெற்றோர் திருச்செந்தூர் சென்று முருகப்பெருமான் சந்நிதியில் தவம் கிடந்தனர். பெருமான் அருளால் வாய் திறந்த பிள்ளை கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது வரலாறு. பேச்சு என்பது எத்துணை அரிய வரம் என்பதைப் பேச்சின்றி இருந்தவரே முழுதும் உணர்வர். மொழியின்மையின் துயரை இளமையிலேயே அறிந்த அப்பெருமான், பிற்காலத்தில் மொழி கடந்து பேசும் பணிக்கு ஆளானது திருவருட் செயலே ஆகும்.

மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். அகில உலகங்களையும் ஈன்ற அன்னையைச் சிறு குழந்தையாக்கித் தாலாட்டுவது பிள்ளைத்தமிழ். இதுவும் ஒரு பேருருவகமே. மறைகளுக்கு எட்டாத பரம்பொருளை அணுக அஞ்சுவார்க்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையை அணுக அச்சமில்லை. குழந்தை இல்லாத நாடு இல்லை. தாலாட்டு இல்லாத மொழியும் இல்லை. ஆதலின் பிள்ளைத்தமிழின் உட்கருத்து எந்நாட்டாருக்கும் உடனே புலனாகும் இயல்பினது.

பின்னர் தருமபுர ஆதீனத்தில் நான்காம் பட்டத்தில் வீற்றிருந்த மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டு, குருவின் ஆணைப்படி காசி யாத்திரை மேற்கொண்டார். காசியில் அப்பொழுது முகலாயர் ஆட்சி நிலவியது. தென்னாட்டு அடியார் தங்குதற்கும் வழிபடுதற்கும் அங்கே ஓரிடம் வேண்டும் என்பது சுவாமிகளின் விருப்பம். அதனைக் கேட்டுப் பெற வேண்டிய அரசரோ தமிழ் அறியாதவர். சுவாமிகளோ அந்நாட்டு வழக்கு மொழி அறியாதவர். அந்நிலையில் அவர் கலைமகளை வேண்டிப் பாடியதே சகலகலாவல்லி மாலை. பத்துப் பாடல்களாலாகிய அம்மாலையின் பயனாக இந்துஸ்தானி மொழி அவருக்குக் கைவந்தது என்பர்.

அரசர் முதல் நாளில் அவரை மதித்து இருக்கை அளிக்கவில்லை என்றும், மறுநாள் சுவாமிகள் திருவருளால் சிங்கத்தின் மீது அமர்ந்து அவைக்கு எழுந்தருளினார் என்றும் மடத்து வரலாறு கூறும். அற்புதமாகப் போற்றப்பெறும் இந்நிகழ்ச்சியில் மற்றுமொரு நயமும் உண்டு. தமிழ்நாட்டில் அரசர் அமர்வது சிங்காசனம், அம்பிகையின் ஊர்தியும் சிங்கம். முகலாயர் தம் அரச சின்னங்களிலும் சிங்கமும் ஞாயிறும் இடம்பெற்றிருந்தன. தமிழும் பாரசீகமும் ஒன்றையொன்று அறியாத அந்த அவையில், இரு பண்பாட்டாரும் ஒருங்கே அறிந்த சொல் ஒன்று இருந்தது என்றால் அது சிங்கமே. வாய்மொழி தொடங்கும் முன்னரே அந்த உருவகம் பேசிவிட்டது.

அவ்வரசர் ஷாஜகானின் மைந்தர் தாரா ஷுகோ என்று கருதுவாரும் உளர். அவர் காசிப் பண்டிதர்களின் துணைகொண்டு உபநிடதங்களைப் பாரசீக மொழியில் 1657இல் பெயர்த்து முடித்தவர். அதற்கு முன்னரே சூபியரின் கொள்கையையும் வேதாந்தத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் இயற்றினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் இரு கடல்களின் சங்கமம் என்னும் பொருளது. அதன் வடமொழி வடிவம் சமுத்திர சங்கமம் எனப்பட்டது. இரு கடல்கள் கலக்கும்போது எது எதனை வென்றது என்று கேட்பார் இலர். ஒரு நூலின் பெயரிலேயே தம் நோக்கம் முழுவதையும் ஓர் உருவகமாக அடக்கிவிட்டார் அவ்விளவரசர்.

சுவாமிகள் வேண்டியது கிடைத்தது. கேதார கட்டத்தில் குமாரசாமி மடம் எழுந்தது. அங்கே அவர் தமிழிலும் இந்துஸ்தானியிலும் புராண விரிவுரை நிகழ்த்தினார் என்பது மடத்து மரபு. அம்மரபின் வழியே 1720இல் திருப்பனந்தாளில் காசி மடம் நிறுவப்பெற்றது. பேசாத பிள்ளையாகப் பொருநைக் கரையில் பிறந்தவர், கங்கைக் கரையில் அயல்மொழியில் அறம் உரைத்தார். காசிக்குச் செல்லும் தமிழ் அடியாருக்கு அம்மடம் இன்றும் நிழல் தருகின்றது.

உவமை தடுமாறும் இடங்கள்

உவமை எப்பொழுதும் வெற்றி பெறும் என்று கொள்ளுதல் தவறு. பெண்ணின் முகத்தை முழுமதி என்று தமிழர் புகழ்வர். ஆங்கிலம் பேசுவோரிடம் அவ்வாறு கூறினால், முகம் பருத்து உருண்டுள்ளது என்னும் குறையாகக் கொள்வாரும் உண்டு. பெண் யானையின் நடை தமிழ் இலக்கியத்தில் அழகுக்கு இலக்கணம். யானையைக் காட்சிச் சாலையில் மட்டும் கண்ட நாட்டினருக்கு அது பருமனையே நினைவூட்டும். நடையின் மென்மையாகிய வினையைத் தமிழர் எண்ணினர். உடலின் அளவாகிய மெய்யை அவர் எண்ணினர். தொல்காப்பியர் கூறிய வகை மாறியதால் புகழுரை இகழுரை ஆயிற்று.

ஆந்தையை நோக்குக. அதன் அலறல் தீய நிமித்தம் என்று தமிழகச் சிற்றூர்களில் அஞ்சுவர். வங்க நாட்டில் அது திருமகளின் ஊர்தி. மேலை நாட்டில் அது அறிவின் சின்னம். இந்தி வழக்கில் அதன் பெயர் அறிவிலியைக் குறிக்கும் வசைச்சொல். ஒரே பறவை நான்கு நாடுகளில் நான்கு பொருள் தருகின்றது. ஒருவர் அறிவாளி என்று பாராட்ட எண்ணி ஆந்தை என்றால், கேட்பவர் சினங்கொள்வதில் வியப்பு என்ன?

கண்டறியாத பொருளை உவமையாக்குவதும் இடர் தரும். வெண்மைக்கு மேலை நாட்டு நூல்கள் உறைபனியைக் கூறும். உறைபனி பெய்தறியாத தமிழ்நாட்டில் பனி என்றால் மார்கழி மாதத்துப் பனித்துளியே நினைவுக்கு வரும். தமிழ் விவிலியத்தில் அதற்கு உறைந்த மழை என்னும் தொடரை ஆண்டனர். மழையை அறிந்தவர் உள்ளத்தில் அம்மழை உறைந்தால் எவ்வாறிருக்கும் என்னும் எண்ணத்தை அத்தொடர் எழுப்புகின்றது. அறிந்ததைப் படியாகக் கொண்டு அறியாததை நோக்கி ஏறச் செய்தலே நல்ல மொழிபெயர்ப்பின் நெறி.

அயலார் பொருளும் அண்டை மண்ணும்

இந்நெறியை நெல்லைச் சீமையின் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எட்டயபுரத்து அரசவைப் புலவராகிய உமறுப் புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாக 5000க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும் போது, மலையும் அருவியும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ் நிலமாகவே அமைத்தார். பாலைவன நாட்டில் மருத வளம் ஏது என்று வினவலாம். வளமான, புனிதமான நாடு என்பதைத் தமிழர் உள்ளத்தில் பதிக்க, மருதத்தை விடச் சிறந்த மொழி தமிழில் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவி, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைத் தந்தார். வாழ்வை ஒரு யாத்திரையாகக் காணும் உருவகம் அந்நூலின் உயிர். காசிக்கும் இராமேசுவரத்திற்கும் காவடி சுமந்து நடந்த மக்களுக்கு அது புதிதன்று. கம்பரின் செய்யுள் நடையில் அயல்நாட்டுக் கதை தமிழ்க் கதையாயிற்று.

சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப், பொருநை நாட்டில் இளமையில் கேட்ட தமிழை முதுமை வரை மறக்கவில்லை. திருக்குறளை 1886இலும், திருவாசகத்தைத் தம் 80ஆம் வயதில் 1900இலும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். இவர்கள் வழிபட்ட நெறிகள் வெவ்வேறு. ஆயினும் அயலார் உள்ளத்தில் புகுவதற்கு அவ்வுள்ளத்தின் வாயிலையே நாட வேண்டும் என்பதில் அனைவரும் ஒருமைப்பட்டவர்.

ஆடவல்லான் கடல் கடந்த வரலாறு

இறைவனின் ஐந்து அம்பலங்களுள் தாமிர சபை திருநெல்வேலியில் உள்ளது. சித்திர சபை குற்றாலத்தில் உள்ளது. ஆடல்வல்லானின் திருவுருவமே சைவம் கண்ட தலைசிறந்த உருவகம் எனலாம். ஆயினும் நான்கு கரங்களுடன் தீயேந்தி ஆடும் வடிவைக் கண்ட பழைய மேலை நாட்டார் பலர், அதன் பொருள் அறியாமல் அருவருத்தனர்.

அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் ஈழத்தமிழ்க் குடியில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1918இல் வெளியான சிவ நடனம் என்னும் நூலில், உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஒடுக்கத்தையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்னும் சைவசித்தாந்தப் பொருளை உலகறிய விளக்கினார். கை நான்கு எதற்கு என்று கேட்டவர், அதன் பின்னர் ஐந்தொழிலை எண்ணி வியந்தனர். உருவம் மாறவில்லை. ஒப்பு நிகழும் நிலைக்களம் தெளிவாயிற்று.

பின்னர் அணுத்துகள்களின் இடையறாத இயக்கத்தைச் சிவதாண்டவத்தோடு ஒப்பிட்டு, இயற்பியலார் பிரிட்ஜாப் காப்ரா 1975இல் ஒரு நூல் எழுதினார். ஜெனீவாவில் உள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில், இந்திய அரசு வழங்கிய சுமார் 2 மீட்டர் உயர நடராசர் திருமேனி 2004 ஜூன் 18ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றது. அதனைக் கண்டு, அழிவின் கடவுளை அணு ஆய்வுக் கூடத்தில் வைப்பதா என்று ஐயுற்றாரும் உண்டு. அந்நிறுவனமே அச்சிலை ஏன் உள்ளது என்பதற்கு விளக்கம் வெளியிட நேர்ந்தது. ஐந்தொழிலுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கை விடுத்ததால் வந்த அச்சம் அது.

ஈண்டு அன்பர்கள் காக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. அணுவின் இயக்கம் ஆடலைப் போன்றது என்பது வினை பற்றிய உவமை. அதனைக் கொண்டு, அணுவியலை முன்னோர் கணித்து முடித்துவிட்டனர் என்று கூறுதல் உவமையைச் சான்றாக மாற்றும் பிழையாகும். குமரகுருபரர் தம் குருவை முதன்முதல் கண்டபோது, பெரியபுராணப் பாடல் ஒன்றின் அனுபவப் பொருளை விளக்குமாறு தேசிகர் பணித்தார். அத்துணைப் புலமையும் வாய்த்த அவர் பேச இயலாது நின்றார். சொல்லுக்கும் உவமைக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு என்பதை அவ்விடத்தில் உணர்ந்தே குருவடி பணிந்தார். உவமை வாயில் வரை அழைத்துச் செல்லும். உள்ளே செல்வது அனுபவம்.

பாபநாசத்தில் ஒரு பாடம்

இவை யாவும் பழங்கதைகள் என்று அன்பர்கள் எண்ணலாகாது. 2018 அக்டோபர் மாதம் தாமிரபரணியில் புஷ்கர விழா நடைபெற்றபோது, பிற மாநிலங்களிலிருந்தும் அடியார் திரண்டு வந்து நீராடினர். நவதிருப்பதிக்கும் குற்றாலத்திற்கும் திருச்செந்தூருக்கும் ஆண்டு முழுவதும் பன்மொழி பேசுவோர் வருகின்றனர். பொருநைக் கரை ஊர்களிலேயே வடநாட்டுத் தொழிலாளர் பலர் குடியேறி உழைக்கின்றனர்.

பாபநாசம் என்னும் பெயரின் பொருள் பாவத்தை அழிப்பது என்பதாகும். ஆற்று நீர் உடலழுக்கைப் போக்குவது போல, இறையருள் உயிரின் அழுக்காகிய பாவத்தைப் போக்கும் என்பது அப்பெயரில் அமைந்த உருவகம். ஆயினும் நீராட வருவோர் சிலர், உடுத்து வந்த ஆடையை ஆற்றிலேயே விட்டுச் சென்றால் பாவமும் அதனோடு போய்விடும் என்று நம்புகின்றனர். அவ்வாறு விட்ட துணிகள் படித்துறைகளில் குவிகின்றன, பாறை இடுக்குகளில் சிக்குகின்றன, மீன்களுக்கும் நீராடுவோர்க்கும் இடராகின்றன. தொண்டர்கள் அவற்றை அள்ளி அகற்றுகின்றனர். மறு திருவிழாவில் மீண்டும் குவிகின்றன.

உள்ளத்தில் களைய வேண்டிய அழுக்கை ஆற்றில் களைந்ததால் நேர்ந்த கேடு இது. உருவகத்தின் நிலைக்களம் மாறியதன் விளைவு ஆற்றின் மீதே சுமத்தப்படுகின்றது. அந்த ஆறோ 8 அணைக்கட்டுகள் வழியே வயல்களுக்குப் பாய்ந்து, இறுதி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்தை அடைகின்றது. வழியெங்கும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அதனையே பருகுகின்றன. குமரகுருபரர் பிறந்த ஊரின் குழந்தை குடிக்கும் நீரில் பாபநாசத்தில் இட்ட அழுக்கும் கலந்திருக்கும்.

துணி போடாதீர் என்னும் அறிவிப்புப் பலகை தமிழில் இருக்கின்றது என்று அமைதி கொள்ளலாகாது. தமிழ் படிக்கத் தெரிந்தவரே அதனைக் கடந்து சென்று துணியை விடுவதும் உண்டு. அவர்களைக் கடிந்து பேசினால், புனித நீராட வந்த இடத்தில் அவமதிப்பு நேர்ந்தது என்று மனம் புண்படுவர். இங்கேதான் உவமை துணை செய்யும்.

கங்கைக் கரையிலிருந்து வந்தவரிடம் கங்கையைத் தாய் என்று அவர் அழைப்பதை நினைவூட்டலாம். பொருநையும் இந்நாட்டு மக்களுக்குத் தாய் என்று கூறலாம். தாயின் மடியில் தலை வைத்து அழுது பிழை பொறுக்க வேண்டுகின்ற பிள்ளை, எழுந்து செல்லும்போது தன் அழுக்குத் துணியை அவள் மடியில் எறிந்து செல்வானோ என்று அன்புடன் கேட்கலாம். விருந்தினர் உணவு உண்ட இலையை, பரிமாறுகின்ற குழம்புப் பாத்திரத்திலேயே போடுவாரோ என்று கேட்கலாம். தாயும் விருந்தும் எல்லா மொழிகளிலும் உள்ளன. சட்டம் கூறும் சொல் காதில் நிற்கும். உவமை கூறும் சொல் உள்ளத்தில் இறங்கிக் கையைத் தடுக்கும்.

அன்பர்கள் மேற்கொள்ள வேண்டியவை

அயலாரோடு பேசும்போது நான்கு நெறிகளை மனத்திற் கொள்ளுதல் நலம் பயக்கும்.

முதலாவது, கேட்பவர் எந்த நிலத்தில் வாழ்ந்தவர், எத்தொழில் செய்பவர் என்பதை அன்போடு கேட்டறிதல். அவர் அறிந்த பொருளிலிருந்தே உவமை பிறத்தல் வேண்டும்.

இரண்டாவது, வினையா, பயனா, மெய்யா, உருவா, எதனால் ஒப்பு என்பதைத் தெளிவாகக் கூறுதல். ஐயம் இருப்பின், உவமையைக் கூறிய பின், தாங்கள் இதனை எவ்வாறு கொண்டீர்கள் என்று கேட்டு அறிதல்.

மூன்றாவது, அவர் கூறும் உவமை விந்தையாகத் தோன்றினாலும் நகையாமல், அதன் உட்பொருளை வினவுதல். திருக்குருகூரில் நிகழ்ந்தது அதுவே.

நான்காவது, உவமையின் எல்லையை உணர்தல். ஒத்தது ஒரு கூறே என்பதை மறந்து முழுதும் ஒன்றே என்று வாதிடாதிருத்தல்.

இந்நான்கும் இல்லத்திலும் பயன்படும். அயல்நாட்டில் பிறந்து வளர்ந்து, கோடை விடுமுறையில் நெல்லைக்கு வரும் பேரப்பிள்ளைகள், தாமிர சபையின் முன் நின்று, பாட்டி, சாமி ஏன் ஒருவர் மேல் ஏறி நின்று ஆடுகிறார் என்று கேட்பர். கேள்வி கேட்கக் கூடாது என்று அடக்கினால் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு கதவு மூடிவிடும். சோம்பலும் ஆணவமும் வந்து படிக்க விடாமல் உன்னை இழுக்கும் அல்லவா, அதை அழுத்தி வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக ஆடுகிறார் கண்ணே என்று பாட்டி கூறினால், திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகன் யாரென்பது அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் விளங்கும்.

பொதியமலைச் சுனையில் தோன்றிய பொருநை, தன்னிடம் நீர் மொள்ள வருபவர் கொணரும் கலம் மண்ணா, செம்பா, பொன்னா என்று பார்ப்பதில்லை. எக்கலத்திலும் அதன் வடிவேற்று நிறைகின்றது. அந்நதிக்கரையில் வாழும் பேறு பெற்றவர், தம் சொல்லையும் அவ்வாறே பிறர் உள்ளத்தின் வடிவறிந்து நிறைப்பாராக. அந்நதியின் தூய்மையையும், அதன் கரையில் பிறந்த மொழியின் தூய்மையையும் ஒருங்கே காப்பாராக. காந்திமதியம்மை உடனுறை நெல்லையப்பர் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.